பிள்ளையைக் கூட்டி வருகிறவர்களே, வழியனுப்பவும் நேரம் கொடுங்கள்

பள்ளி விடுமுறையில் வெளிநாட்டுச் சிறுவர் இல்லங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து, சிங்கப்பூர் வீடுகளில் தங்கவைக்கும் தொண்டூழியக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் 23ஆம் தேதி இரவு சாங்கி விமான நிலையத்தில் விடைபெற நீங்கள் கொடுத்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல். அன்று நீங்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. மற்ற குடும்பங்கள் எல்லாம் சொன்ன நேரத்தில் கையசைத்துவிட்டுக் கிளம்பின. நான் மட்டும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றேன். பதினான்கு பிள்ளைகளை விமானம் ஏற்ற வேண்டிய உங்கள் தொண்டூழியர் ஒருவர் பதறிப்போனார். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் ஏன் நகரவில்லை என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும். வருகிற ஜூன் விடுமுறைக்கு அடுத்த குழுவை அழைத்துவர வீடு தேடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டும். தனியாக உங்களுக்கு மட்டும் எழுதாமல் பொதுவில் எழுதக் காரணம், இந்த முறை பிள்ளைகளை வைத்திருந்த மற்ற பதின்மூன்று குடும்பங்களும், இனிமேல் வைத்திருக்கப் போகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான்.

உங்கள் பட்டியலில் பதினோராவது பெயர் எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை. பெயரை இங்கே எழுதவில்லை. பத்து வயதுப் பிள்ளையானாலும் அவன் கதை அவனுக்குச் சொந்தம். தம்பி என்றே எழுதுகிறேன், வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டோம். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஓர் இல்லத்தில் இன்னும் இருபத்து மூன்று பையன்களோடு வளர்கிறான். நவம்பர் 27ஆம் தேதி வந்தான். இருபத்தேழு நாள் செங்காங்கில் எங்கள் நான்கறை வீட்டில், தேசிய சேவையில் இருக்கும் என் மகனுடைய கட்டிலில் தூங்கினான். என்னைப் பெரியம்மா என்றான், என் கணவரைப் பெரியப்பா என்றான். நான் முப்பது வருடமாகக் குழந்தைகள் வார்டில் தாதியாக இருக்கிறேன். அழுகிற பிள்ளையையும் அழாத பிள்ளையையும் தினமும் பார்க்கிறவள்.

முதலில் நன்றி. இலங்கையில் இல்லத்துப் பிள்ளை ஒன்றை நாட்டுக்கு வெளியே அழைத்து வருவது லேசான காரியம் இல்லை. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு அதிகாரிகள் பத்திரம் பத்திரமாகக் கேட்டார்கள் என்று விளக்கக் கூட்டத்தில் சொன்னீர்கள். கேட்கத்தான் வேண்டும். 1980களில் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகளை ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுத்ததில் எத்தனை பொய்ப் பத்திரங்கள், எத்தனை பொய்த் தாய்மார்கள் என்பது பின்னால்தான் வெளியே வந்தது. வளர்ந்து ஆளான அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் பெற்ற தாயைத் தேடி மலையகத்துக்கும் கொழும்புக்கும் அலைகிறார்கள். ஆகையால் உங்கள் கெடுபிடி எதையும் நான் குறை சொல்லவில்லை. “அவ்வளவு பாசமாக இருந்தால் தத்தெடுத்துக்கொள்ள வேண்டியதுதானே” என்று என் தங்கை உட்படப் பலர் கேட்டார்கள். அதுவும் என் கோரிக்கை இல்லை. ஏன் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

என் மனத்தாங்கல் எல்லாம் நீங்கள் கொடுத்த இரண்டு பக்க வழிகாட்டித் தாளில் மூன்று விதிகளைப் பற்றியது. நான்காவது: ஊர் திரும்பும் தேதியைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். ஏழாவது: மறுபடி சந்திப்போம் என்ற நம்பிக்கை எதையும் கொடுக்கக் கூடாது. ஒன்பதாவது: பிள்ளை ஊர் போன பிறகு நேரடித் தொடர்பு கூடாது.

நான்காம் விதி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

எங்கள் சமையலறையில் ஒரு தினசரி நாட்காட்டி தொங்குகிறது. தேக்காவில் நாங்கள் மளிகை வாங்கும் கடையில் வருடா வருடம் கொடுப்பார்கள். காலையில் தாளைக் கிழிப்பது என் கணவரின் வேலை. தம்பி வந்த மூன்றாம் நாளே அந்த வேலையைத் தனதாக்கிக்கொண்டான். கிழித்த தாளைக் குப்பையில் போட மாட்டான், நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்பான். பின்பக்கம் படம் வரைய வைத்திருக்கிறான் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். அவன் நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 8. இரவுச் சாப்பாட்டில் இருக்கும்போது கேட்டான்: “பெரியம்மா, மார்கழி இருபத்தாறுக்கு முதல் நான் ஊருக்குப் போயிருவனா?”

எனக்கு மார்கழி என்றால் டிசம்பர் நடுவில் பிறக்கிற மாதம், திருப்பாவை கேட்கிற மாதம். மார்கழி 26 ஜனவரி 10ஆம் தேதி வாக்கில் அல்லவா வரும்? அதற்குள் நிச்சயம் போய்விடுவான். ‘போயிடுவே தம்பி’ என்று வாய்வரை வந்தது. உடனே உங்கள் நான்காம் விதி ஞாபகம் வந்தது. “பார்க்கலாம்” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு பிள்ளை மாறிப்போனான். கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் தட்டில் சோற்றை ஒதுக்க ஆரம்பித்தான். மைலோவைப் பாதிக் கோப்பையில் வைத்துவிடுவான். ஒருநாள் நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறை ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசி எல்ஆர்டி ரயில் வெளிச்சமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கம் வரவில்லையா என்றால் தலையை மட்டும் ஆட்டினான். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். முப்பது வருட அனுபவத்துக்கு எட்டியது அவ்வளவுதான். உங்களுக்கு அழைத்துச் சொன்னேன். ஊர் ஏக்கமாக இருக்கும், வெளியே எங்கேயாவது அழைத்துப் போங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றீர்கள். மண்டாய் விலங்குத் தோட்டத்துக்குப் போனோம், செந்தோசா தீவுக்குப் போனோம். எல்லாவற்றையும் பார்த்தான். எதிலும் ஒட்டவில்லை.

21ஆம் தேதி, விதிப்படி, நாளை மறுநாள் பயணம் என்று சொன்னேன். அழுவான், அணைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் நெருங்கித்தான் உட்கார்ந்தேன். அவன் அழவில்லை. முகம் அப்படியே மலர்ந்தது. “அப்ப விளக்குக்குப் போயிருவன்” என்றான்.

எந்த விளக்கு?

அப்புறம்தான் சொன்னான். அவன் ஊர்ப் பேச்சில் டிசம்பரே மார்கழி. மார்கழி இருபத்தாறு என்றால் டிசம்பர் 26. 2004இல் அந்த நாள் காலையில்தான் சுனாமியில் கடல் கல்லடிக்கும் நாவலடிக்கும் உள்ளே வந்தது. அவனுடைய அம்மம்மா அன்றைக்கு இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். மிஞ்சிய ஒரே மகள்தான் தம்பியின் அம்மா, அவளும் அவனுக்கு ஆறு வயது இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் இல்லத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அம்மம்மாவோடு கடற்கரைக்குப் போவான். அம்மம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. மெழுகுதிரியை இவன்தான் பற்றவைக்க வேண்டும். காற்றில் அணையாமல் இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எப்படி நிற்பான் என்று என் சமையலறையில் நின்று காட்டினான். இல்லாத மெழுகுதிரியைச் சுற்றி அந்தச் சின்னக் கைகள் வளைந்து நின்றதை நான் மறக்கப் போவதில்லை.

“அம்மம்மா தனியாப் போக மாட்டா. நான் வரல்லையெண்டா வீட்டிலயே இருந்திருவா” என்றான்.

பதின்மூன்று நாள் அந்தப் பிள்ளை அதைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். சிங்கப்பூரை விட்டுப் போக வேண்டுமே என்ற கவலை இல்லை. போக முடியாமல் போய்விடுமோ என்ற கவலை. ஒரே ஒரு தேதியைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தட்டுச் சோற்றை முடித்திருப்பான். சொல்லாமல் இருந்தது நான். சொல்லாதே என்றது உங்கள் தாள்.

நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் அந்த விதியை எழுதினீர்கள். போகிற நாள் தெரிந்தால் பிள்ளை முதல் நாளிலிருந்தே கலங்கும் என்று நினைத்தீர்கள். இங்கேதான் நாம் எல்லாரும் சேர்ந்து தப்புச் செய்கிறோம் என்று நினைக்கிறேன், என்னையும் சேர்த்துத்தான். இல்லத்துப் பிள்ளைக்கு அங்கே ஒன்றும் இல்லை, இங்கே எல்லாம் இருக்கிறது, ஆகையால் பிரிவு என்றால் நம்மைவிட்டுப் பிரிவதுதான் என்று எடுத்துக்கொள்கிறோம். தம்பிக்கு ஊர் இருக்கிறது. சுனாமியில் சரிந்துபோன கோபுரத்தோடு நிற்கும் கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் இருக்கிறது. (திருச்செந்தூர் என்று அவன் சொன்னபோது தமிழ்நாட்டுக்கு எப்போது போனாய் என்று கேட்டேன். “எங்கட திருச்செந்தூர்” என்று கையைச் சாய்த்துக் காட்டினான்.) அவனுக்கு வாவி இருக்கிறது, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் அவனைப் பாடாய்ப் படுத்திய கணக்கு வாத்தியார் இருக்கிறார், ஒரே அறையில் படுக்கும் இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். உங்கள் விண்ணப்பத் தாளில் ‘அநாதைப் பிள்ளையின் விவரம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. இருபத்தாறாம் தேதி வந்துவிடுவான் என்று வாசலைப் பார்த்திருக்கும் ஒரு கிழவி உள்ளவன் எப்படி அநாதை? இலங்கையில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமைக்கும் வளைகுடா வேலைக்கும் நடுவில் விட்டுப்போனவர்கள்தான் அதிகம். அந்தச் சொல்லைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அழிப்பான் கதையையும் சொல்லிவிடுகிறேன், இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

முகாமிலிருந்து வார இறுதியில் வீட்டுக்கு வந்த என் மகன், நாங்கள் எல்லாம் சின்ன வயதில் விளையாடிய கொடி அழிப்பான் ஆட்டத்தைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தான். இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாட்டுக் கொடி அச்சடித்த சின்ன ரப்பர், விரலால் அழுத்தி எகிறவைத்து எதிராளியின் ரப்பர் மேல் விழவைத்தால் அது நமக்கு. தம்பி அதை ‘அழிறப்பர்’ என்பான். இரண்டு மணி நேரம் தரையை விட்டு எழவில்லை. மறுநாள் புளோக்குக்குக் கீழே உள்ள மாமாக் கடைக்குப் போனோம். எல்லா நாட்டுக் கொடியும் கலந்து கிடந்த டப்பாவைக் கவிழ்த்து, குத்தவைத்து உட்கார்ந்து, ஒரே கொடியாகப் பொறுக்க ஆரம்பித்தான். விதவிதமாக எடுத்துக்கொள்ளேன், அழகாக இருக்குமே என்றேன். “ஒண்டு போல இல்லாட்டிச் சண்டை வரும் பெரியம்மா” என்றான். இருபத்து நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த டப்பாவில் ஆறுதான் தேறியது. ஐந்து கடை ஏறி இறங்கினோம். பிரேசில் கொடிதான் கடைசியில் இருபத்து நாலு சேர்ந்தது. எல்லாம் ஒரே கொடியாக இருந்தால் யாருடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “பின்னால பேர் எழுதினாச் சரி.”

நான் அவனுக்கு வாங்கிக் கொடுத்த காலணியையும் பையையும் விட, அந்த இருபத்து நாலு ரப்பரும் அம்மம்மாவின் மூட்டுக்கு வாங்கிய இரண்டு போத்தல் கோடாலித் தைலமும்தான் பெட்டியில் பத்திரமாக நடுவில் போயின. பிரிய முடியாமல் தவிக்கிற பிள்ளை இப்படிப் பெட்டி கட்டாது. தன் இடத்துக்குத் திரும்புகிறவன் கட்டுகிற பெட்டி அது. தத்து பற்றி என் தங்கைக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்.

அப்படியானால் பிரிவில் வருத்தமே இல்லையா என்றால், இருந்தது. நிறைய இருந்தது. அதற்குத்தான் ஏழாம், ஒன்பதாம் விதிகளுக்கு வருகிறேன்.

பிள்ளைகள் ஊர் போன பிறகு நாம் அழைத்தால் நிலைகொள்ளாமல் தவிக்கிறார்கள், அழைக்காமல் விட்டால் ஒரே வாரத்தில் பழகிவிடுகிறார்கள் என்று விளக்கக் கூட்டத்தில் சொன்னீர்கள். என் தொழிலில் ஒரு காலத்தில் எல்லாரும் இதையேதான் நம்பினார்கள். 1940களில் பிரிட்டனில் பல மருத்துவமனைகளில் குழந்தையைச் சேர்த்தால் தாய் வாரத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பதே பெரிது. தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பதுதான் காரணம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் லண்டன் வார்டுகளில் உட்கார்ந்து அந்தக் குழந்தைகளைப் பொறுமையாகக் கவனித்தார். முதலில் குழந்தை கத்திக் கூப்பாடு போடும். பிறகு வாடி ஒடுங்கும். மூன்றாவதாக, யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல், யார் தூக்கினாலும் சிரிக்கும், தாயே வந்தாலும் கண்டுகொள்ளாது. இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் ‘பழகிவிட்டது’ என்று தாதிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1959இல் பிரிட்டன் அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோரை எந்நேரமும் அனுமதியுங்கள் என்று பரிந்துரைத்தது. இன்றைக்கு என் வார்டில் அம்மாவோ அப்பாவோ கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் அழத்தான் செய்கின்றன. அழுகிற பிள்ளையைப் பார்த்து நான் பயப்படுவதில்லை.

ஆகையால், போன தடவை வந்த பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள் என்று நீங்கள் திருப்தியாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்றைக்கே எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தவறு.

தொடர்பை அறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று உங்கள் குழுவில் ஒருவர் தனியாகச் சொன்னார். ஒட்டிப்போன குடும்பம் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மறுத்துவிட்டால் என்ன செய்வது? நடக்காதது இல்லை. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு, பெலாரஸ், உக்ரேன் பிள்ளைகளை இத்தாலி, அயர்லாந்து போன்ற நாடுகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் கோடை விடுமுறைக்கு அழைத்துத் தங்கவைத்தன, இல்லத்துப் பிள்ளைகளையும் சேர்த்து. 2006இல் இத்தாலியில் ஒரு தம்பதி, பத்து வயதுப் பெலாரஸ் சிறுமியை இல்லத்தில் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல் மறைத்துவைத்தார்கள். இரண்டு நாடுகளுக்கும் பிரச்சினையாகி, கடைசியில் அவளை ஊருக்கு அனுப்பினார்கள். 2008இல் அமெரிக்கா போன ஒரு பதின்ம வயதுப் பெண் திரும்ப மாட்டேன் என்றதும், பெலாரஸ் அரசு இந்தப் பயணங்களுக்கே கட்டுப்பாடு போட்டது. ஒரு வீடு செய்ததற்கு எத்தனையோ பிள்ளைகளின் கோடை போயிற்று. உங்கள் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதே செர்னோபில் பிள்ளைகளை வருடா வருடம், அதே பிள்ளையை அதே வீடு என்று அழைத்த குடும்பங்களும் ஏராளம். அடுத்த கோடையில் பார்ப்போம் என்று இரண்டு பக்கமும் தெரிந்திருந்தால், விமான நிலையத்தில் யாரும் யாரையும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள் என்கிற ஏழாம் விதியின் அருமை என் வீட்டில் எல்லாரையும் விட எனக்குத் தெரியும். என் அப்பா இல்லத்தில் வளர்ந்தவர். தாத்தா ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1943இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போன பல்லாயிரம் தமிழர்களில் ஒருவர். 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் எந்த இடத்தில் விழுந்தார் என்று கூட எங்களுக்குத் தெரியாது. பாட்டியும் போன பிறகு, சிங்கப்பூரில் ஓர் ஆண் பிள்ளைகள் இல்லத்தில் அப்பாவைச் சேர்த்தார்கள். ஒரு தீபாவளிக்கு ஒரு குடும்பம் வந்து அவரை வீட்டுக்கு அழைத்துப்போய், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, நீலக் கோடு போட்ட சட்டை ஒன்றைப் போட்டுவிட்டதாம். சாயங்காலம் திரும்ப விடும்போது, “அடுத்த தீபாவளிக்கும் வந்து கூட்டிட்டுப் போறோம்” என்றார்களாம். அடுத்த தீபாவளிக்கு அப்பா காலை ஐந்து மணிக்கே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். கை குட்டையாகிவிட்டிருந்தது. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

அப்பா இதை எனக்குச் சொன்னது அவருடைய எழுபதாவது வயதில். சட்டையின் கோட்டு நிறம் ஞாபகம் இருந்தது, அந்தக் குடும்பத்தின் பெயர் ஞாபகம் இல்லை.

அந்த வாசற்படியில் இன்னொரு பிள்ளை உட்காரக் கூடாது என்றுதான் நீங்கள் ஏழாம் விதியை எழுதினீர்கள் என்றால், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் குடும்பம் செய்த தப்பு வருவோம் என்று சொன்னதா, வராமல் போனதா? வருகிறவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது கஷ்டம். சொல்லவே கூடாது என்று எல்லார் வாயையும் அடைப்பது சுலபம். நீங்கள் கஷ்டமானதைச் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இனி அந்த ஐந்து நிமிடம்.

பிள்ளைகள் பதினான்கு பேரும் ஒரே மஞ்சள் சட்டையில் வரிசையாக நின்றார்கள். தம்பி காலையிலிருந்து உற்சாகமாகத்தான் இருந்தான். விமான நிலையத்து ஜுவல் கட்டடத்தில் கூரையிலிருந்து கொட்டுகிற அருவியைப் பார்த்து, “எங்கட ஊரில இப்ப வெளியிலயே இப்பிடித்தான் ஊத்தும்” என்று மாரி மழையைச் சொல்லிச் சிரித்தான். விடைபெறச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டான்: “பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கோல் எடுப்பீங்க?”

ஒன்பதாம் விதியை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அழைப்பேனா என்று அவன் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டான். அவன் உலகத்தில் உறவு என்றால் அழைக்கும், அவ்வளவுதான். நான் அழைக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். அந்தப் பிள்ளையிடம் மறுபடியும் ஒரு ‘பார்க்கலாம்’ சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால்தான் நகராமல் நின்றேன். உங்கள் தொண்டூழியர் தோளைத் தொட்டு, நேரம் ஆகிவிட்டது அக்கா என்றார். தம்பி என் முகத்தையே பார்த்தான். பதில் வராது என்று புரிந்துகொண்டான் போலிருக்கிறது, கையை மெதுவாக உருவிக்கொண்டான்.

“போயிற்று வாறன் பெரியம்மா” என்றான்.

“போயிட்டு வா தம்பி” என்றேன். ஏழாம் விதியை மீறிவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வேறு எதைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வாசலைத் தாண்டுகிற பிள்ளையிடம் ‘போ’ என்று மட்டும் சொல்கிற வழக்கம் அவன் ஊரிலும் இல்லை, நம் வீட்டிலும் இல்லை.

வீட்டில் இப்போது ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது. ‘அப்புறம்’ என்பதற்குத் தம்பி ‘மறுகா’ என்பான். முகாமிலிருந்து என் மகன் அனுப்பும் குறுஞ்செய்தியில் “மறுகா?” என்று வருகிறது. தம்பியிடம் பேசினீர்களா, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிறான். இன்னும் பேசவில்லை. 26ஆம் தேதி கடற்கரையில் விளக்கு எரிந்ததா என்று கூட எனக்குத் தெரியாது.

ஜூன் மாதத்துக்குள் நீங்கள் மாற்ற வேண்டியது அப்படி ஒன்றும் பெரிய செலவு பிடிக்கிறது இல்லை. பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே, அவன் ஊர்ப் பேச்சில், அவன் மாதப் பெயரில், திரும்பும் தேதியைச் சொல்லிவிடுங்கள். ஒரு நாட்காட்டியையும் கையில் கொடுத்துவிடுங்கள், அவனே கிழித்துக்கொள்ளட்டும். ஊரில் அவனுக்கு யார் இருக்கிறார்கள், எந்த நாள் அவர்களுக்கு முக்கியம் என்று இல்லத்தில் கேட்டு, பிள்ளையை வைத்திருக்கப் போகிற வீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். தம்பியின் அம்மம்மாவிடம் நீங்களோ நானோ ஒரு முறை பேசியிருந்தால் அந்தப் பதின்மூன்று நாள் வந்திருக்காது. வழியனுப்ப ஒரு மணி நேரமாவது கொடுங்கள், பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றையும் விட, குறைந்தது மூன்று வருடம் அதே பிள்ளையோடு தொடர்பில் இருக்க முடியும் என்று சொல்கிற வீடுகளை மட்டும் சேருங்கள். பதினான்கு வீடு கிடைக்காமல் போகலாம், நாலு வீடுதான் தேறலாம். நாலு பிள்ளைகளை அழைத்து வாருங்கள். முடியாதவர்கள் பணமாகக் கொடுக்கட்டும், அதுவும் உதவிதான்.

பணம் என்றதும் ஒன்றைக் கேட்க வேண்டும். இந்த இருபத்தேழு நாளுக்கு, பயணச் சீட்டோடு சேர்த்து, எனக்கு ஏறக்குறைய 2,000 வெள்ளி ஆயிற்று. ஒரு காசுக்குக் கூட வருத்தம் இல்லை. ஆனால் கண் மங்கிய அந்தக் கிழவியின் வீட்டுக்கு அந்தப் பணம் போயிருந்தால் தம்பி இல்லத்தில் இருக்க வேண்டியிருக்குமா என்ற கேள்வி என்னை விடவில்லை. பெற்றோர் பராமரிப்பு இல்லாத பிள்ளைகளைப் பற்றி ஐநா பொதுச்சபை 2019 டிசம்பரில் ஒரு தீர்மானம் போட்டது. பிள்ளைகளைக் குடும்பத்தோடும் உறவோடும் வைத்திருக்கத்தான் முதலில் பாடுபட வேண்டும் என்கிறது அது. இல்லங்களைச் சுற்றி நடக்கும் சுற்றுலாத் தொண்டூழியத்தால் வரும் கேட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உங்கள் குழு அந்தக் கேட்டில் சேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பயணச் சீட்டுப் போடும் முன், இந்தப் பணத்தால் இவனை வீட்டுக்கே அனுப்ப முடியுமா என்று இல்லத்து நிர்வாகியிடமும் நன்னடத்தை அதிகாரியிடமும் ஒரு வரி கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் அப்புறம் அழைத்து வாருங்கள், வீடு தர நான் இருக்கிறேன்.

மார்ச் மாதம் எனக்குப் பத்து நாள் விடுப்பு இருக்கிறது. கொழும்புக்குச் சீட்டுப் போட்டுவிட்டேன், அங்கிருந்து உதயதேவி ரயிலில் மட்டக்களப்பு. அவனை இங்கே மறுபடியும் கொண்டுவாருங்கள் என்று உங்களை நெருக்கவில்லை, அவன் இருக்கும் இடத்துக்கு நான் போகிறேன். இல்லத்துக்குள் போய் ஒரு மணி நேரம் பார்த்துப் பேச, உங்கள் குழுவின் கடிதம் ஒன்று வேண்டும் என்கிறார்கள். அதை ஜனவரி முடிவதற்குள் தாருங்கள். அதற்கு முன்னால், தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள். இல்லத்தில் சாயங்காலப் படிப்பு முடிவது ஏழு மணிக்கு என்று சொல்லியிருக்கிறான். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரைக்கு நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தம்பியின் பெரியம்மா
செங்காங், சிங்கப்பூர்